பனிநாட்டில் பழைய வாகனம்: வாங்குமுன் அறிய வேண்டிய விஞ்ஞானம்

கனடா தேசத்தின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் வேலைக்குச் செல்லும் பெற்றோரையும் வைத்தியரைக் காணச் செல்லும் முதியோரையும் பனி மூடிய சாலையில் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் வாகனத்தை ஆடம்பரப் பொருள்களின் வரிசையில் வைத்து எண்ணுவதற்கில்லை. அது அன்றாட ஜீவனத்தின் அவசியங்களுள் ஒன்றாகும். புதிய வண்டியின் விலை சாதாரண வருமானத்துக்கு எட்டாததாக இருப்பதால், பிறர் சில ஆண்டுகள் ஓட்டிய வண்டியை வாங்குவதே பல குடும்பங்களுக்கு உள்ள வழி. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய தமிழர்களுள் பலர், உறைபனியைக் கண்ணால் கண்டிராத மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களாதலால், வாகனத்தின் விலையைப் பற்றி விசாரித்து அறிந்த அளவுக்குப் பனிக்காலம் அதை என்ன செய்யும் என்பதை அறிந்துகொள்ள அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை.

வண்டி வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. எந்தக் கம்பெனி வண்டி நல்லது? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டுமா? இவை நியாயமான கேள்விகளே. எனினும் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. வண்டியின் அடிப்பாகத்திலுள்ள இரும்பை உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது முதற் கேள்வி. அதன் நான்கு மூலைகளிலும் எத்தகைய ரப்பர் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது பூட்டப்படப் போகிறது என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டுக்கும் திருப்தியான விடை கிடைத்த பிறகே, வண்டியின் பெயரையும் இழுவையையும் பற்றி ஆராய்வது பொருத்தமாகும். இந்த வரிசை ஏன் என்பதை ரசாயனமும் பௌதிகமும் தெளிவாகவே சொல்கின்றன.

அவை சொல்லும் விஷயங்களுள் தலையாயது ஒன்று உண்டு. பனிக்காலம் என்றவுடன் பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் கடுங்குளிரை நினைத்தே மனிதர்கள் அஞ்சுகிறார்கள். அக்கடுங்குளிர் பாட்டரிக்கும் எண்ணெய்க்கும் சத்துரு என்பது உண்மைதான். ஆனால் இரும்பைத் துருவாக்குவதிலும் சக்கரத்தை வழுக்கச் செய்வதிலும், பகலில் உருகி இரவில் உறையும்படியாகப் பூஜ்யத்தை ஒட்டியே ஏறியும் இறங்கியும் நிற்கும் மிதமான குளிரே அதைவிடக் கொடியது. டொரொண்டோ, மான்ட்ரியல், ஒட்டாவா முதலிய நகரங்கள் பனிக்காலத்தில் பல நாட்களைக் கழிப்பது இந்த மிதமான குளிரில்தான்.

இரும்பும் உப்பும்

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. அதில் உப்பைக் கரைத்தால் உறைநிலை இறங்குகிறது. கரைசலில் ஏறக்குறைய 23 சதவீதம் உப்பு இருக்கும்போது அது பூஜ்யத்துக்குக் கீழ் 21 டிகிரி வரையில் உறையாமல் நிற்கும். இந்த எளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டே கனடாவின் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 50 இலட்சம் டன் உப்பு தூவப்படுகிறது. ஆயினும் சோதனைச்சாலையில் சாத்தியமானதெல்லாம் சாலையில் சாத்தியமாவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழ் 12 டிகிரிக்கு அப்பால் உப்பு பனிக்கட்டியை உருக்கும் வேகம் மிகவும் குன்றிவிடுகிறது. ஆகையால் வின்னிப்பெக், எட்மன்டன் போன்ற சமவெளி நகரங்களில், நீண்ட காலம் நிலைக்கும் கடுங்குளிரில், சாலைக்குப் பிடிமானம் தருவதற்கு மணலையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அவ்வூர் வண்டிகளின் முன்கண்ணாடி சிறு கற்கள் பட்டுக் கீறியிருப்பதுண்டு; அடிப்பாகத்து இரும்போ, அதே வயதுடைய டொரொண்டோ வண்டியினுடையதைவிட நல்ல நிலையில் இருப்பது வழக்கம். வண்டி எந்த மாகாணத்தில் தன் பனிக்காலங்களைக் கழித்தது என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

துருப்பிடித்தல் என்பது மின்ரசாயனக் காரியம். இரும்பின் ஓரிடத்து அணுக்கள் மின்னணுக்களை இழந்து கரைய, அதே உலோகத்தின் வேறோர் இடத்தில் காற்றின் பிராணவாயுவும் தண்ணீரும் அம்மின்னணுக்களை ஏற்றுக்கொள்கின்றன. தூய தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புக் கரைந்த தண்ணீர் நன்றாகக் கடத்தும். அதனால் இரண்டிடங்களுக்கும் இடையே மின்னோட்டம் தடையின்றி நிகழ்ந்து துருவும் விரைகிறது. அன்றியும், உலோகத்தின் மேல் இயற்கையாகப் படியும் காப்புப் படலத்தைக் குளோரைடு அயனிகள் துளைத்துவிடுகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையும் சுபாவமுடையது. கடுங்குளிருக்கெனச் சாலையில் தெளிக்கப்படும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் 30, 35 சதவீத ஈரத்திலேயே இவ்வாறு கரையத் தொடங்குகின்றன. எனவே மழையும் பனியும் ஓய்ந்த நாட்களிலும், வண்டியின் மடிப்புகளில் ஒட்டிய உப்பு ஈரமாகவே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எல்லா ரசாயன வினைகளையும்போல இதுவும் உஷ்ணத்தில் விரைவாகும். அதனால்தான் உப்புச் சேற்றோடு வந்த வண்டியைக் கழுவாமல் வெதுவெதுப்பான கொட்டகையில் நிறுத்துவது, வெளியே உறைகுளிரில் நிறுத்துவதைவிட இரும்புக்கு அதிகத் தீங்கை விளைவிக்கும்.

மேற்பூச்சின் பளபளப்பை வைத்து இந்தச் சேதத்தை அளவிட முடியாது. துரு முதலில் பற்றும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற விளிம்புகள், சக்கர வளைவுகளின் உட்புறம், சக்கரங்களையும் இயந்திரத்தையும் தாங்கும் துணைச் சட்டங்கள், பெட்ரோல் தொட்டியைக் கட்டியிருக்கும் பட்டைகள், பின் சக்கரங்களுக்கு நீண்டு செல்லும் பிரேக் குழாய்கள் ஆகியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே உயிருக்கு நேரான அபாயமுடையது. துரு அரித்த எஃகுக் குழாய், ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தும் அந்த நெருக்கடியான கணத்தில், உள்ளழுத்தம் தாளாமல் வெடித்துவிடக்கூடும். ஆதலால் வண்டியைத் தூக்கியில் உயர்த்தி, நல்ல விளக்கொளியில், விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பாகம் முழுவதையும் பார்க்கச் செய்வதை, எவ்வளவு நம்பிக்கைக்குரிய மனிதர் விற்றாலும், விட்டுவிடலாகாது. மேலே பரவிய மெல்லிய செந்நிறத் துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தட்டினால் செதில் செதிலாக உதிர்வதும், அழுத்தினால் உட்குழிவதும், துளை விழுந்ததுமே விலக்கத்தக்கவை. வயதான வண்டியின் அடிப்பாகம் மட்டும் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தால், அப்பூச்சின் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.

பெரும் புகழ் பெற்ற பெயரும் இவ்விஷயத்தில் காப்பாகாது. உழைப்புக்குப் பேர்போன டொயோட்டா நிறுவனம், டக்கோமா முதலிய தன் பாரவண்டிகளின் அடிச்சட்டங்கள் மிகுதியாகத் துருப்பிடித்தன என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை, 2016ஆம் ஆண்டில், 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடியதென மதிப்பிடப்பட்ட உடன்பாட்டின் மூலம் முடித்துக்கொண்டது. கனடாவிலோ இந்தப் போராட்டம் இன்னும் பழமையானது. மான்ட்ரியலில் 1968இல் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவிய ஃபில் எட்மன்ஸ்டன், அகாலத்தில் துருப்பிடித்த வண்டிகளின் சொந்தக்காரர்களை 1970களில் ஒன்றுதிரட்டி, உற்பத்தியாளர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதாடினார். பழைய வண்டிகளின் குணதோஷங்களை ஆண்டுதோறும் அலசிய அவருடைய ‘லெமன்-எய்ட்’ நூல்கள், வாங்கும் சாமானியர்களின் கையில் அறிவு என்னும் ஆயுதத்தைத் தந்தன.

உற்பத்தி முறையும் அக்காலத்துக்குப் பின் வெகுவாகத் திருந்தியிருக்கிறது. எஃகுத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசினால், கீறல் விழுந்த இடத்திலும் இரும்புக்கு முன்பாகத் துத்தநாகமே கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆடி நிறுவனம் 1985இல் தன் 100 என்னும் வகைக்கு முழு உடலையும் துத்தநாகம் பூசிய தகட்டால் செய்தது; இன்று அம்முறை வெவ்வேறு அளவில் எல்லாரிடமும் பரவியுள்ளது. ஆனாலும் பூச்சு நித்தியமானதன்று. ஆண்டுக்கொரு முறை உள்ளீடற்ற பகுதிகளில் எண்ணெய்க் காப்பு தெளித்து வந்ததற்கு ரசீதுகள் காட்டப்படுமானால், அவை அவ்வண்டியின் சார்பில் பேசும் நல்ல சாட்சிகள்.

ரப்பரும் பனிக்கட்டியும்

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்னும் கேள்வியை 1850இல் ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று கருதினார். மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளிருப்பவற்றைப்போல் எல்லாப் பக்கமும் பிணைக்கப்படாமல் தளர்ந்து நிற்கின்றன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்துள்ளன. பூஜ்யத்தை நெருங்க நெருங்க இந்தத் தளர்ச்சி மிகுகிறது, கடுங்குளிரில் குறைகிறது. எனவே பூஜ்யத்துக்குக் கீழ் 25 டிகிரியில் கிடக்கும் பனிக்கட்டியைவிட, 1, 2 டிகிரி கீழே ஈரம் மினுமினுக்கக் கிடக்கும் பனிக்கட்டியே சக்கரத்துக்கு அதிக அபாயமானது.

இதன் விளைவைச் சிறு கணக்கினால் உணரலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அக்குணகம் 0.2 என்றால் 49 மீட்டரும், வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 என்றால் 98 மீட்டரும் வேண்டும். அபாயத்தைக் கண்டு கால் பிரேக்கை அடைவதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேராது. அதுவே ஒரு விநாடிக்கு 14 மீட்டர். இந்தக் கணக்கில் வண்டியின் எடைக்கோ, இயந்திரத்தின் குதிரைச் சக்திக்கோ, எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்பதற்கோ இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாலைக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே நிற்கும் தூரத்தை நிர்ணயிக்கிறது.

அந்த உராய்வு ரப்பரின் மென்மையைச் சார்ந்தது. நீண்ட சங்கிலிகளாக அமைந்த ரப்பரின் மூலக்கூறுகள் வெப்பத்தில் அசைந்து வளையும். குளிரக் குளிர அசைவு குன்றி, ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலைக்கு அப்பால் கண்ணாடியைப்போல் விறைத்துவிடும். எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் சாதாரண டயர், சுமார் 7 டிகிரிக்குக் கீழேயே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. பனிக்கால டயர்களில் இயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் தக்க அளவில் சேர்த்து, ஆழ்ந்த குளிரிலும் வளையும்படி செய்கிறார்கள். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்பிளவுகளை நெருக்கமாக அமைத்து, பனியைக் கவ்வும் விளிம்புகளைப் பெருக்குகிறார்கள். பனிக்கென்றே டயர் செய்யும் கலை பின்லாந்தில் 1934இல் தொடங்கியது. அங்கே 1936இல் வெளிவந்த ஹக்கபெலிட்டா என்னும் பெயர் இன்றும் அத்தேசத்து நோக்கியன் நிறுவனத்தின் டயர்களில் விளங்குகிறது.

மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் ஒரு பனித்திவலையும் வரைந்த முத்திரை டயரின் பக்கச் சுவரில் இருந்தால், அது பனியில் பரீட்சிக்கப்பட்டுத் தேறியது என்று பொருள். கியூபெக் மாகாணம் 2008 முதல் பனிக்கால டயரைச் சட்டத்தினால் கட்டாயமாக்கியுள்ளது. இப்போது அக்கட்டாயம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் நீடிக்கிறது. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, எனினும் அதைப் பூட்டுவோருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் சலுகை தர வேண்டும் என்னும் விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. வண்டியோடு பனிக்கால டயர்களையும் சேர்த்துத் தருவதாக விற்பவர் சொன்னால், அவற்றின் பள்ளங்களின் ஆழத்தை அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தவை பனிக்கு உதவா. பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகையான பனிக்கால டயர்களே வேண்டும். முன்னிரண்டுக்கு மட்டும் பூட்டினால், பிடிமானமில்லாத பின்பகுதி வளைவுகளில் வெளியே வீசப்பட்டு வண்டி சுழலும்.

இழுக்கும் சக்கரங்கள்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியின் மேல் பனிநாட்டு மக்கள் கொண்டுள்ள நம்பிக்கை ஆதாரமற்றதன்று. செங்குத்தான தெருவில் ஏறுவதற்கும், பனி வாரப்படாத பாதையிலிருந்து புறப்படுவதற்கும், கிராமப்புறத்துச் சாலைகளுக்கும் அது மெய்யாகவே உதவுகிறது. ஆனால் எல்லா வண்டிகளும் நான்கு சக்கரங்களாலேயே நிற்கின்றன. நிற்பதிலும் திரும்புவதிலும் அந்த இழுவை மேலதிகமாக ஒன்றும் தருவதில்லை. புறப்படும்போது வழுக்காத வண்டி, சாலையின் வழுக்கலை ஓட்டுநருக்கு உணர்த்தாமல் மறைத்து, அவரை அதிக வேகத்துக்குத் தூண்டிவிடுவதும் உண்டு. பனி விரைவில் வாரப்படும் நகரத்துச் சாலைகளில் பெரும்பாலும் ஓடும் குடும்பத்துக்கு, நல்ல பனிக்கால டயர் பூட்டிய கொரோல்லா, சிவிக் போன்ற முன்சக்கர இழுவை வண்டியே போதுமானது. தேய்ந்த டயரோடு நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டியைவிட அது பத்திரமானதுமாகும்.

நான்கு சக்கர இழுவை அவசியமென்று தீர்மானித்தவர், அதன் வகையையும் பராமரிப்பையும் அறிந்து வாங்க வேண்டும். சுபாருவின் பெரும்பாலான வண்டிகளில் அது எப்போதும் இயங்குகிறது, ஹோண்டா சி.ஆர்.-வி போன்றவற்றில் முன்சக்கரம் வழுக்கும்போதே பின்சக்கரம் துணைக்கு வருகிறது. டொயோட்டாவின் கலப்பின ஆர்.ஏ.வி.4இல் பின்சக்கரங்களைத் தனியானதொரு மின்மோட்டார் சுழற்றுகிறது. பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியிலுள்ள எண்ணெய் காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை ரசீதுகளில் பார்க்க வேண்டும். நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறத்தாழச் சமமாக இருப்பதும் அவசியம். சுற்றளவு வேறுபட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, நேரான சாலையிலும் இடையறாத இழுபறியால் உள்ளுறுப்புகள் சூடேறிக் கெடும்.

இழுவையைவிட மதிப்புயர்ந்த சாதனம் ஒன்று உண்டு. வண்டி தான் திரும்ப வேண்டிய திசையை விட்டுச் சறுக்கத் தொடங்கும்போது, அதை உணர்ந்து, தக்கதொரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து நேர்வழிக்குத் திருப்பும் மின்னணு நிலைப்படுத்தியே அது. 2011 செப்டம்பர் 1 முதல் உற்பத்தியாகும் பயணிகள் வண்டிகளில் அது இருந்தே தீர வேண்டும் என்று கனடா விதித்தது. ஆகையால் 2012ஆம் ஆண்டு மாதிரியையோ அதற்குப் பிந்தியதையோ தேடுவது நல்லது. அதற்கு முந்தியதாயின், இச்சாதனம் உண்டா என்பதை விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

விடியற்காலைப் பரீட்சை

இதுவரை சொன்னவை மிதமான குளிரின் தீங்குகள். கடுங்குளிரின் தீங்கு, வண்டியைக் கிளப்பும் கணத்தில் வெளிப்படுகிறது. பாட்டரியினுள் ரசாயன வினை குளிரில் மந்தமாகிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதே வேளையில் இயந்திரத்தினுள் இருக்கும் எண்ணெய், மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் இறுகுவதுபோலத் தடித்து, சுழற்றுவதற்கு அதிக பலத்தைக் கேட்கிறது. வரவு குறைந்து செலவு மிகும் இந்த நெருக்கடியைக் கருதியே, 18 டிகிரிக் குளிரில் 30 விநாடிகளுக்கு, 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல், எத்தனை ஆம்பியர் தர முடியும் என்னும் அளவைப் பாட்டரியின் மேலேயே பொறிக்கிறார்கள். ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது முழு நிறைவோடு இருக்கிறது. மின்னிறக்கம் பெற்ற பாட்டரி பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியளவிலேயே உறைந்து வெடிக்கலாம். நிறைந்த பாட்டரியோ 50 டிகிரிக் குளிரிலும் உறைவதில்லை.

எண்ணெய் டப்பாவின் மேலுள்ள 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்னும் குறிகளில் முதல் எண்ணே குளிரைப் பற்றியது. 0டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெய் 35 டிகிரியிலும் பம்பினால் இறைக்கத்தக்கவாறு ஓட வேண்டும் என்பது விதி. குளிர்விப்பு நீரின் கதை இன்னும் சுவையானது. தூய எத்திலீன் கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். அதனோடு சமபாகம் தண்ணீரைக் கலந்தால் 37 டிகிரிக் குளிர் வரையில் உறையாது. முந்திய சொந்தக்காரர் கோடையில் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால் இவ்விகிதம் கெட்டிருக்கும். மெக்கானிக்கிடமுள்ள சிறு கருவி ஒரு துளியைக் கொண்டே அதைச் சொல்லிவிடும். சமவெளி மாகாணங்களில் இரவு முழுவதும் மின்சாரத்தால் இயந்திரத்தை இளஞ்சூட்டில் வைக்கும் சூடேற்றியும் வேண்டும். அங்கு வண்டிகளின் முகப்பில் தொங்கும் மின்கம்பி அதனுடையது.

குளிரில் குறுந்தூரமே ஓடும் வண்டிக்கு மற்றொரு நோயும் வரும். நேரடியாக உள்ளே பெட்ரோலைத் தெளிக்கும் சிறிய டர்போ இயந்திரம் முழுச் சூட்டை அடைவதற்குள் நிறுத்தப்பட்டால், எரியாத பெட்ரோல் பிஸ்டனைக் கடந்து இறங்கி எண்ணெயோடு கலந்துவிடுகிறது. 2017, 2018ஆம் ஆண்டு 1.5 லிட்டர் சி.ஆர்.-வி வண்டிகள் சிலவற்றில் இது தோன்றியபோது, ஹோண்டா நிறுவனம் உத்தரவாத காலத்தை நீட்டித்தது. எண்ணெய் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால், மட்டம் மேற்குறியைத் தாண்டியும் பெட்ரோல் வாசனையோடும் இருப்பது இந்நோயின் அடையாளம்.

ஆகவே வண்டியைப் பார்க்கச் செல்பவர், இயந்திரம் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த விடியற்காலையில், முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது உத்தமம். சூடான இயந்திரம் தன் குறைகளை மறைக்கும். குளிர்ந்த இயந்திரம் எத்தனை சுற்றில் கிளம்புகிறது, எத்தகைய ஓசை எழுப்புகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பவற்றிலேயே அதன் உண்மை நிலை தெரியும்.

குடும்பத்துக்கு உரிய வசதிகள்

குழந்தைகளும் முதியோரும் ஏறும் வண்டியில் வெப்பக்காற்று எல்லா ஆசனங்களுக்கும் வருகிறதா, முன்கண்ணாடியின் மூட்டம் விரைவில் விலகுகிறதா, பின்கண்ணாடியின் சூட்டுக் கம்பிகள் அனைத்தும் வேலை செய்கின்றனவா என்று பரீட்சிப்பது இன்றியமையாதது. மூட்டம் விலகுவதற்கு உஷ்ணம் மட்டும் போதாது; காற்றிலுள்ள ஈரத்தை வடித்து எடுப்பது குளிர்சாதனத்தின் வேலையாதலால், பனிக்காலத்துக்கு வாங்கும் வண்டியிலும் குளிர்சாதனம் பழுதின்றி இருக்க வேண்டும். 2002 செப்டம்பர் முதல் செய்யப்பட்ட கனடிய வண்டிகளில் குழந்தை ஆசனத்தைப் பிணைக்கும் கொக்கிகள் கட்டாயமாக உண்டு. தடித்த குளிர்ச் சட்டையோடு குழந்தையை ஆசனப் பட்டையில் பிணைத்தால், மோதலின்போது சட்டை நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிப் பிணைத்து, மேலே போர்வை போர்த்துவதே முறை. அதற்கு வேண்டிய இடம் உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய குடும்பத்துக்கு டொயோட்டா சியென்னா போன்ற வான் வசதியானது. 2004ஆம் ஆண்டு மாதிரி முதல் அதில் நான்கு சக்கர இழுவையும் கிடைக்கிறது. ஆனால் பழைய மாதிரிகளில் அவ்வகைக்கு மாற்றுச் சக்கரம் வைக்க இடமின்றி, காற்றிறங்கியும் சிறிது தூரம் ஓடத்தக்க விசேஷ டயர்களைப் பூட்டியிருந்தார்கள். அத்தகைய டயரில் பனிக்கால வகையை வாங்குவது செலவு மிக்கது. மின்சார வண்டியை நாடுவோர், கடுங்குளிரில் அது ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தூரம் மூன்றில் ஒரு பங்கு வரையில் குறையலாம் என்பதைக் கணக்கில் கொண்டு, தம் அன்றாடப் பிரயாணத்துக்கு அது தாராளமாகப் போதுமானால் மட்டும் வாங்க வேண்டும்.

பத்திரங்களும் விலையும்

ஒன்டாரியோவில் தனிமனிதர் வண்டியை விற்கும்போது, பழைய வாகனத் தகவல் தொகுப்பு என்னும் அரசாங்கப் பத்திரத்தை வாங்குபவருக்குத் தர வேண்டும். வண்டி யார் யார் கையில் இருந்தது, அதன்மேல் கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பவை அதிலிருந்து தெரியும். தீராத கடன் வண்டியைத் தொடர்ந்து வருமாதலால் இதை அலட்சியம் செய்யலாகாது. வியாபாரியிடம் வாங்கினால், அவர் ஓம்விக் என்னும் மாகாண அமைப்பில் பதிந்தவரா என்று பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் ‘சேஃப்டி’ எனப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்குச் செல்லும். பரிசோதித்த நாளில் வண்டி குறைந்தபட்சத் தகுதியோடு இருந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் பிணையாகாது. அடுத்த பனிக்காலத்தையும் அதற்கடுத்ததையும் அந்த இரும்பு தாங்குமா என்பதை மெக்கானிக்கின் கண்தான் சொல்ல வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிட்டு, டயருக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பனிக்காலத்துக்குள் புகுவதே குடும்பங்கள் செய்யும் பெரிய பிழை. நான்கு பனிக்கால டயர்களும் அவற்றுக்குத் தனியான எஃகு வளையங்களும், மெக்கானிக்கின் பரிசோதனைக் கூலியும், எண்ணெய்க் காப்பும், வேண்டுமானால் புதிய பாட்டரியும் வண்டியின் விலையைச் சேர்ந்தவையே என்று கொண்டு, அத்தொகையை முதலில் ஒதுக்கி வைத்து, மிஞ்சியதற்குள் வண்டி தேட வேண்டும். அதனால் ஒன்றிரண்டு ஆண்டு பழைய வண்டியையோ, சிறிய வண்டியையோ, புகழ் குறைந்த பெயரையோ ஏற்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை. தேடுவதற்கு ஏற்ற காலம் ஆகஸ்டும் செப்டம்பரும். முதற்பனி விழுந்த பின் அவசரம் மிகுந்து ஆராய்ச்சி சுருங்கிவிடும். அடிச்சட்டத்தில் சந்தேகம் எழுந்தால், மற்றெல்லாம் மனத்துக்குப் பிடித்திருந்தாலும், நன்றி கூறி விலகிவிடுவதே விவேகம்; இரும்பு உறுதியாயிருக்கும் வேறொரு வண்டி நிச்சயம் கிடைக்கும், அதற்காகச் சில வாரங்கள் காத்திருப்பதால் குடும்பத்துக்கு வரும் கஷ்டம், துருவேறிய பிரேக் குழாயோடு ஒரு பனிக்காலத்தைக் கடப்பதன் அபாயத்தோடு ஒப்பிடத்தக்கதே அன்று.